வாசல் வழியே வந்த பெயர்

தமிழ்த்துறை மலருக்குக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு பேராசிரியர் அவர்கள் மடல் விடுத்தபோது எமக்கு மகிழ்ச்சியினும் தயக்கமே மிகுந்தது. இத்துறையின் வகுப்பறையில் நன்னூலும் தொல்காப்பியமும் பயின்று வெளியேறிய யாம், பிழைப்பின் பொருட்டு மென்பொருள் சோதனைத் தொழிலை மேற்கொண்டோம். இலக்கியம் பற்றி எழுதும் தகுதி எம்மினும் இம்மலரில் எழுதும் ஏனையோர்க்கு மிகுதி. ஆகவே யாம் நன்கறிந்த ஒன்றை எழுதுவதே முறையெனத் துணிந்தோம். வலைச்சேவைகளைத் தானியங்கி முறையில் சோதிப்பது பற்றியது அது. இதற்கும் தமிழ்த்துறைக்கும் என்ன தொடர்பு என்று வினவும் அன்பர்கள் சற்றே பொறுத்தருள வேண்டும். ஒரு பெயரில் எழுத்துகள் எத்தனை என்னும் எளிய வினாவே இக்கட்டுரையின் நடுவில் நிற்பதைப் பின்னர்க் காண்பர்.

வலைச்சேவையும் அதன் சோதனையும்

இணையப் பக்கம் மனிதன் கண்டு படிப்பதற்காக ஆக்கப்படுவது. வலைச்சேவையோ ஒரு நிரல் மற்றொரு நிரலோடு பேசுவதற்காக அமைவது. நாம் தொடர்வண்டிக்கு முன்பதிவு செய்யும்போதும், வங்கியிலிருந்து பணம் அனுப்பும்போதும், நம் கைப்பேசியில் உள்ள நிரல் தொலைவிலுள்ள சேவையகத்தை நோக்கிக் கோரிக்கை ஒன்றை விடுக்கிறது. மக்கள் வழக்கில் சர்வர் எனப்படும் அச்சேவையகம் கோரிக்கையை ஆராய்ந்து மறுமொழி தருகிறது. மறுமொழியின் தலையில் மூன்றிலக்க எண் ஒன்று இருக்கும். 200 என்றால் எல்லாம் நலம். 400 என்றால் கோரிக்கையில் பிழை. 404 என்றால் தேடிய பொருள் இல்லை. 500 என்றால் சேவையகத்தின் பக்கமே தவறு.

இத்தகைய சேவை சரிவர இயங்குகிறதா என்பதை மனிதர் ஒருவர் நாள்தோறும் அமர்ந்து சோதிப்பது இயலாத செயல். ஓரிடத்தில் ஒரு வரியைத் திருத்தினால் பிறிதோரிடத்தில் பிழை முளைக்கும். எனவே சோதனைகளையும் நிரல்களாகவே எழுதி வைக்கின்றனர். ஜாவா மொழியில் இதற்கெனப் பெரிதும் வழங்கும் கருவி ஜேயூனிட் என்பது. 1997ஆம் ஆண்டு சூரிச்சிலிருந்து அட்லாண்டாவுக்குப் பறந்த வானூர்தியில் அமர்ந்தபடியே கென்ட் பெக், எரிக் காமா என்னும் இருவர் அதன் முதல் வடிவத்தை எழுதினர். சோதனைகள் யாவும் தேறினால் திரையில் பச்சைக் கோடு தோன்றும். ஒன்று தவறினும் அது சிவந்துவிடும். அப்பச்சைக் கோட்டைக் கண்டு மனநிறைவோடு வீடு திரும்பிய மாலைகள் எம் வாழ்வில் பல. அவற்றுள் சில, நிறைவு கொள்ளத் தகாத மாலைகள் என்பதை 2012ஆம் ஆண்டில்தான் உணர்ந்தோம்.

ஒரு தந்தையின் வினா

அவ்வாண்டு யாம் பணியாற்றிய நிறுவனம், ஏழை மாணவர்க்குக் கல்வி உதவித்தொகை வழங்கும் அறக்கட்டளை ஒன்றிற்கு விண்ணப்பச் சேவை ஆக்கித் தந்தது. மாணவர் தம் பெயரைச் சான்றிதழில் உள்ளவாறு தமிழில் எழுத வேண்டும் என்பது அறக்கட்டளையின் விதி. சேவை தொடங்கிய முதல் வாரத்தில் ஆயிரக்கணக்கானோர் விண்ணப்பித்தனர். சேவை நன்கு நடைபெறுவதாகவே நாங்கள் அனைவரும் நம்பியிருந்தோம்.

இறுதி நாளுக்கு மூன்று நாள் இருக்கையில் எம் மேசைத் தொலைபேசி ஒலித்தது. சிற்றூர் ஒன்றில் தையற்கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் பேசினார்.

"தம்பி, எம் மக பேரை எத்தனை தடவை அடிச்சாலும் 'பெயர் பிழை'ன்னே வருது. பள்ளிக்கூடத்துச் சான்றிதழ்ல இருக்கிற பேருதான் தம்பி. அதுல என்ன பிழை?"

"இங்கிலீஷ்ல அடிச்சுப் பாருங்க ஐயா" என்றோம்.

"தமிழ்லதான் எழுதணும்னு நீங்களே போட்டிருக்கீங்களே தம்பி?"

எம்மிடம் மறுமொழி இல்லை. தமிழ் பயின்ற ஒருவர், தமிழில் பெயரெழுத முயன்ற ஒருவரிடம் அவ்வாறு கூறியதை எண்ணி இன்றும் நாணுகிறோம். பெயரைச் சுருக்கி எழுதினால் சேவை ஏற்றிருக்கும். ஆனால் சுருக்கிய பெயர் சான்றிதழோடும் வங்கிக் கணக்கோடும் பொருந்தாது. பொருந்தாத பெயருக்குத் தொகை வாராது. அச்சிறுமியின் படிப்பு ஒரு பெயரின் நீளத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

எழுத்து எத்தனை?

அன்றிரவே பிழையைத் தேடத் தொடங்கினோம். 200-க்கும் மேற்பட்ட சோதனைகளை மீண்டும் ஓட்டினோம். அத்தனையும் பச்சை. ஆயின் அப்பெரியவர் பொய்யுரைத்தாரா? இல்லை. எம் சோதனைகள்தாம் அவர் நின்ற இடத்தில் நிற்கவில்லை.

இங்கே இலக்கணம் நுழைகிறது. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 ஆகத் தமிழ் எழுத்துகள் 247 என்பதை மாணவர் அனைவரும் அறிவர். கணினியின் யூனிகோடு முறையோ வேறு வகையில் எண்ணுகிறது. அகரம் ஏறிய மெய்க்கு ஒரு குறியீடு. புள்ளி, கால், கொம்பு முதலிய துணைக்குறிகளுக்குத் தனித்தனிக் குறியீடு. எனவே 'க' என்பது ஒரு குறியீடு, 'கி' இரண்டு, 'க்' என்பதும் இரண்டு. மெய்யின்மேல் அகரம் ஏறும் என்பது நம் இலக்கணம். அகரமேறிய எழுத்தின்மேல் புள்ளி ஏறி மெய்யாகும் என்பது கணினியின் கணக்கு. இனி அக்குறியீடு ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 முறையில் கம்பி வழியே செல்லும்போது மூன்று பைட்டுகளாக விரியும்.

நம் ஊர்களில் பரவலாக வழங்கும் 'முகம்மது இப்ராகிம்' என்னும் பெயரை எடுத்துக்கொள்வோம். புலவர் எண்ணினால் எழுத்து 10. யூனிகோடு எண்ணினால் குறியீடு 17, இடைவெளியோடு 18. கம்பி வழியே செல்லும் பைட்டுகளோ 52.

எங்கள் சேவையில் பெயருக்கென ஒதுக்கிய இடம் 50 குறியீடுகள். 18 அதனுள் எளிதாக அடங்கும். பிறகு ஏன் அடங்கவில்லை? படிவம் அனுப்பிய கோரிக்கையில் அது எந்தக் குறியீட்டு முறையில் எழுதப்பட்டது என்னும் அறிவிப்பு இல்லை. அறிவிப்பு இல்லாவிடில் ஐஎஸ்ஓ 8859-1 என்னும் மேற்கு ஐரோப்பிய முறையாகவே கொள்ளவேண்டும் என்பது ஜாவா சேவையகங்களுக்குரிய பழைய விதி. அம்முறையில் ஒரு பைட்டு ஓர் எழுத்து. ஆகவே சேவையகம் அந்த 52 பைட்டுகளையும் 52 அயல் எழுத்துகளாகப் படித்தது. 50ஐ மிஞ்சியதால் பெயர் பிழை என்று கதவடைத்தது.

'கண்ணன்' போன்ற குறும்பெயர்கள் 18 அயல் எழுத்துகளாகத் திரிந்தும் உள்ளே புகுந்துவிட்டன. அவை தரவுத்தளத்தில் குப்பையாகவே கிடந்தன. எனினும் எவரும் அதனை அறியவில்லை. ஏனெனில் சேவையகம் தவறாகப் படித்ததை அதே தவறான முறையிலேயே திருப்பி எழுதியது. பெற்றுக்கொண்ட படிவ நிரல் அப்பைட்டுகளை யூடிஎஃப்-8 என்றே வாசித்தது. போகும்போது நேர்ந்த பிழையை வரும்போது நேர்ந்த பிழை அழித்துவிட, திரையில் 'கண்ணன்' என்றே அழகாகத் தெரிந்தது. இரண்டு தவறுகள் சேர்ந்து ஒரு சரியைப் போல் வேடமிட்டன.

பச்சைக் கோடு ஏன் பொய்த்தது?

எங்கள் சோதனைகள் சேவையின் உட்கூறுகளை நேரடியாக அழைப்பவை. பெயரைப் பதிவு செய்யும் செயற்கூற்றின் கையில் பெயரைக் கொண்டுபோய்க் கொடுத்து, பெற்றுக்கொண்டாயா என்று கேட்பவை. அங்கே கம்பி இல்லை, பைட்டு இல்லை, குறியீட்டு முறை பற்றிய ஐயமும் இல்லை. வீட்டுக்குள்ளேயே இருப்பவர் கூடத்திலிருந்து அடுக்களைக்குப் போய் வந்துவிட்டு, வீட்டின் வாயிற்கதவு நன்றாகத் திறக்கிறது என்று சான்றளித்தது போன்றது அது. அப்பெரியவர் வந்தது வாயில் வழியே.

இப்பிழை எங்களுக்கு மட்டும் உரியதன்று. 1999ஆம் ஆண்டு செப்டம்பர் 23 அன்று அமெரிக்காவின் நாசா நிறுவனம் செவ்வாய்க் கோளுக்கு அனுப்பிய காலநிலை ஆய்வுக்கலம் அழிந்தது. ஒரு குழுவின் நிரல் உந்துவிசைக் கணக்கைப் பவுண்டு அளவையில் தந்தது. மற்றக் குழுவின் நிரல் அதனை நியூட்டன் அளவையாகக் கொண்டது. இரு நிரல்களும் தத்தம் அளவில் தவறின்றிக் கணக்கிட்டன. இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் கலம் தொலைந்தது. இணைப்பைச் சோதிக்காமல் உறுப்புகளை மட்டும் சோதிப்பது நிறைவான சோதனையாகாது என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டுவதில்லை.

உள்ளிருக்கும் சேவையகம்

அவ்வாறாயின் வாயில் வழியே சோதிப்பது எங்ஙனம்? உண்மையான சேவையகத்தைத் தனி இயந்திரத்தில் நிறுவி, சேவையை அதில் ஏற்றி, வெளியிலிருந்து கோரிக்கை விடுப்பது ஒரு வழி. எங்களிடமும் அத்தகைய சோதனை இயந்திரம் ஒன்று இருந்தது. ஆனால் அதனைப் பலரும் பகிர்ந்துகொண்டமையால், ஒருவர் ஏற்றிய பதிப்பை மற்றொருவர் அழிப்பார். ஒரு முறை சோதித்து முடிக்க அரை நாள் கழியும். அரை நாள் ஆகும் சோதனையை மாதம் ஒருமுறை செய்வார்களேயன்றி நாள்தோறும் எவரும் செய்யார்.

இதற்கு மாற்றாக அமைந்ததே உட்பொதிந்த சேவையகம். சேவையகத்தைத் தேடிச் சோதனை போவதை விட்டு, சோதனை நிரலின் வயிற்றிலேயே சேவையகத்தை வைத்துவிடுவது இதன் நுட்பம். கிரெக் வில்கின்ஸ் என்பவர் 1995ஆம் ஆண்டு தொடங்கிய ஜெட்டி என்னும் சேவையகம் இவ்வாறு பிற நிரல்களுக்குள் அடங்கி இயங்குவதில் பெயர் பெற்றது. டாம்கேட் சேவையகத்தையும் இங்ஙனம் உட்பொதிக்கலாம். 2014ஆம் ஆண்டு முதற்பதிப்பு கண்ட ஸ்பிரிங் பூட் இம்முறையைப் பல்லாயிரம் நிரலாளரின் அன்றாட வழக்கமாக்கிற்று.

சோதனை தொடங்கும்போது சில வரிகளில் சேவையகம் எழுப்பப்படுகிறது. அது 127.0.0.1 என்னும் முகவரியில், அதாவது அதே கணினிக்குள்ளேயே, காத்திருக்கிறது. எந்த வாயிலில் காத்திருப்பது என்பதில் ஒரு சிறு நுணுக்கம் உண்டு. போர்ட் எனப்படும் வாயில் எண்கள் 65535 வரை உள்ளன. 8080 என்று ஓர் எண்ணை நிலையாக எழுதி வைத்தால், வேறொரு நிரல் முன்னரே அவ்வாயிலில் அமர்ந்திருக்கக் கூடும். சோதனை காரணமின்றித் தவறும். வாயில் எண் 0 என்று கேட்டால், காலியாக உள்ள வாயில் ஒன்றை இயங்குதளமே தேர்ந்து தரும். அவ்வெண்ணைக் கேட்டறிந்து சோதனை நிரல் தன் கோரிக்கையை அனுப்புகிறது. கோரிக்கை முழுமையாக எழுதப்பட்டு, பைட்டுகளாகப் பிரிந்து, வாயிலைத் தட்டி உள்ளே சென்று, குறியீட்டு முறை அறியப்பட்டு, செயற்கூற்றை அடைந்து, மறுமொழியாக மீள்கிறது. முடிந்ததும் சேவையகம் நிறுத்தப்படுகிறது. அடுத்த சோதனைக்கு எச்சம் ஏதும் இல்லை. இவையாவும் நடந்து முடியச் சில நொடிகளே ஆகும்.

அன்றிரவு எம் தோழர் ஒருவரும் யாமும் அமர்ந்து டாம்கேட்டைச் சோதனைக்குள் பொதிந்தோம். 'முகம்மது இப்ராகிம்' என்னும் பெயரைப் படிவம் அனுப்பும் அதே வடிவில் அனுப்பினோம். 400 வந்தது. கோடு சிவந்தது. அச்சிவப்பைக் கண்டு யாம் அடைந்த மகிழ்ச்சி, முன்பு எந்தப் பச்சையைக் கண்டும் அடையாதது. பிழை எங்கிருக்கிறது என்று தெரிந்துவிட்டதல்லவா!

திருத்தம் சிறியதே. கோரிக்கையின் உள்ளடக்கத்தை எவரும் படிக்கத் தொடங்குவதற்கு முன்னர், இது யூடிஎஃப்-8 என்று சேவையகத்துக்கு அறிவிக்க வேண்டும். மறுமொழிக்கும் அவ்வாறே. அதன்பின் 'முகம்மது இப்ராகிம்' உள்ளே சென்றார், கோடு பச்சையாயிற்று. முன்னரே குப்பையாகப் பதிந்த குறும்பெயர்களைத் தனி நிரல் கொண்டு மீட்டெடுத்தோம்.

கற்றவை

அன்று முதல் மூன்று நெறிகளைக் கடைப்பிடித்து வருகிறோம். சோதனைத் தொழிலுக்கு வரும் இளைஞர்க்கு அவை பயன்படக்கூடும்.

முதலாவது, உள்ளே பொதிக்கும் சேவையகம், மக்கள் பயன்படுத்தும் உண்மைச் சேவையகத்தின் இனமாகவும் பதிப்பாகவும் இருத்தல் வேண்டும். அறிவிப்பில்லாத பைட்டுகளை ஒரு சேவையகம் யூடிஎஃப்-8 எனத் தானே கொள்ளலாம்; மற்றொன்று பழைய விதியைப் பற்றி நிற்கலாம். இலேசானது என்பதற்காக வேறொன்றைப் பொதித்தால், சோதனையில் இல்லாத பிழை ஊரில் இருக்கும்.

இரண்டாவது, அனுப்பிய பெயர் திரும்பி வந்தது என்பதோடு நிறைவடையலாகாது. 'கண்ணன்' கற்பித்த பாடம் இது. மறுமொழியையும் தரவுத்தளத்தில் பதிந்ததையும் தனித்தனியே ஒப்பிட வேண்டும். இரு பிழைகள் ஒன்றையொன்று மறைக்கும் வாய்ப்பு அப்போதுதான் ஒழியும்.

மூன்றாவது, சோதனைக்கு எடுக்கும் பெயர்கள் மெய்யான பெயர்களின் சாயலில் இருத்தல் வேண்டும். எங்கள் பழைய சோதனைகளில் இருந்தவை யாவும் ஆங்கில எழுத்தில் அமைந்த ஐந்தாறெழுத்துப் பெயர்கள். அவை எந்த முறையில் படித்தாலும் பிழையாகா. ஆகவே எதனையும் சோதியா. தமிழ்ப் பெயர்களை இட்ட பின்னர்ப் புதிய பிழையொன்றும் வெளிப்பட்டது. 'கோ' என்னும் எழுத்தின் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். இரட்டைக் கொம்பும் காலும் எனப் பிரித்து இரு குறியீடாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கு வெவ்வேறு. பெயரைப் பதிவதற்கு முன்னர் ஒரே வடிவுக்குக் கொணரும் வரியொன்றைச் சேர்த்து அதனையும் தீர்த்தோம். இப்பிழையை ஊகித்தறிய எமக்குத் துணை நின்றது இவ்வகுப்பறையில் கற்ற எழுத்ததிகாரமே என்பது மிகையன்று.

இம்முறைக்கும் எல்லையுண்டு என்பதை மறைத்தல் ஆகாது. ஒரே கணினிக்குள் நிகழும் சோதனை, வலையமைப்பின் தடைகளையும் ஒரே நேரத்தில் ஆயிரம் பேர் நெருக்குவதையும் காட்டாது. அவற்றுக்கு வேறு சோதனைகள் வேண்டும். அரங்கேற்றத்துக்கு முன் நிகழும் ஒத்திகை அரங்கேற்றமாகாது. ஆயினும் உடை உடுத்தி, விளக்கேற்றி, மேடையிலேயே நிகழ்த்தும் ஒத்திகைக்கும், வீட்டுத் திண்ணையில் பாடம் ஒப்பிப்பதற்கும் உள்ள வேறுபாடு பெரிது.

மூன்றாம் நாள் காலை யாமே அப்பெரியவரைத் தொலைபேசியில் அழைத்தோம். "இப்ப அடிச்சுப் பாருங்க ஐயா" என்றோம். சற்று நேரம் ஒலியில்லை. பின்னர், "வந்திருச்சு தம்பி" என்றார். ஏன் முன்பு வரவில்லை என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எமக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

அறக்கட்டளையிடம் உண்மையைக் கூறி, இறுதி நாளை ஒரு வாரம் நீட்டிக்கச் செய்தோம். ஆனால் ஒன்றை மட்டும் எங்களால் சரிசெய்ய இயலவில்லை. சேவையகத்தின் பதிவேட்டைத் திறந்து பார்த்தபோது 400 என்னும் எண் பக்கம் பக்கமாக நின்றது. நாள் இருந்தது, நேரம் இருந்தது, பெயர் இல்லை. படிவத்தின் உள்ளடக்கம் அப்பதிவேட்டில் ஏறுவதில்லை. எத்தனை பேர் முயன்று, தம் பெயரிலேயே பிழை போலும் என்று நம்பித் திரும்பிப் போயினர் என்பதை யாம் அறியோம். தொலைபேசி எண்ணைத் தேடிப் பிடித்து, என் மகள் பெயரில் என்ன பிழை என்று கேட்டவர் ஒருவரே.

இப்போதும் புதிய சேவையொன்றுக்குச் சோதனை எழுதத் தொடங்கும்போது, உள்ளிருக்கும் சேவையகத்தை எழுப்பியவுடன் யாம் முதலில் அனுப்புவது அச்சிறுமியின் பெயரைப் போன்ற நீண்டதொரு தமிழ்ப் பெயரைத்தான். அது வாயில் வழியே சென்று, தன் எழுத்துகளோடு முழுமையாக மீண்ட பின்னரே அடுத்த சோதனையை எழுதுகிறோம். இத்துறையில் இன்று பயிலும் மாணவர் சிலரேனும் நாளை இத்தொழிலுக்கு வருவர். அவர்கள் தம் ஊர்ப் பெயர்களையும் உடன் கொண்டுவருவார்களாக.